குழந்தை அழுத நிமிடம்

குழந்தையைப் போல அழத் தெரிந்த பெரியவர்கள் சென்னையில் மொத்தம் நாலே பேர் என்று டப்பிங் ஆட்கள் சொல்லிக்கொள்வார்கள். அதில் மூன்று பேருக்கு அழச் சொல்லிக்கொடுத்தவள் நாலாவது ஆள். அவள் பெயர் செலின். வயது இருபத்தெட்டு.

சீரியலில் ஒரு கைக்குழந்தை வீறிட்டு அழும்போது நம் காதில் விழுவது பெரும்பாலும் அந்தக் குழந்தையின் குரல் இல்லை. இருட்டறையில் மைக்குக்கு முன்னால் நின்று, திரையில் திறந்து மூடும் அந்தச் சின்ன வாயைப் பார்த்தபடி ஒரு பெரிய மனுஷி அழுகிறாள்.

செலின் ஆறு வயதிலேயே மைக்குக்கு முன்னால் நின்றவள். கான்வென்ட் யூனிஃபார்மோடு நேராக சாலிகிராமத்து டப்பிங் தியேட்டருக்கு வந்து, ஸ்டூலில் ஏறி நின்று அழுதுவிட்டு வீட்டுக்குப் போய் வீட்டுப்பாடம் எழுதியவள். எந்தப் பள்ளியிலும் வேலை பார்த்ததில்லை. ஆனாலும் எல்லோரும் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள்.

சுகந்தி அவளைவிட நாலு வயது மூத்தவள். சுகந்திக்கு அவள் டீச்சர். அவளுக்கு சுகந்தி அக்கா. கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். அவர்கள் இரண்டு பேருக்கும் வந்ததில்லை.

சுகந்தி கற்றுக்கொள்ள வந்த முதல் நாள் செலின் கேட்டாள். "குழந்தை எப்படி அழும்? அழுது காட்டுங்கக்கா."

சுகந்தி அழுது காட்டினாள்.

"இது வெளிய விடற மூச்சு. இது யாருக்கும் வரும். உள்ள இழுக்கறப்ப ஒரு சத்தம் வரும் பாருங்க, அங்கதான் குழந்தை இருக்கு."

அந்த உள்மூச்சு வர சுகந்திக்கு எட்டு மாதம் ஆயிற்று. அதற்குப் பிறகு அவளே கர்ப்பமாகி, மிதுனா பிறந்து, அந்தக் குழந்தைக்கும் இப்போது எட்டு மாதம். வீட்டில் நாத்தனார் கோமதியிடம் விட்டுவிட்டு வேலைக்கு வருகிறாள். மிதுனா தூங்கும்போது மூக்குக்குக் கீழே விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்க்கிற பழக்கம் சுகந்திக்கு இன்னும் போகவில்லை. எல்லாக் குழந்தைக்கும் மூச்சு வரும் என்று கோமதி கேலி செய்வாள். சுகந்தி கையை எடுத்துக்கொள்வாள். கோமதி அந்தப் பக்கம் போனதும் மறுபடி வைப்பாள்.

வியாழக்கிழமைதான் சீரியல்காரர்களுக்கு ரிசல்ட் வருகிற நாள். போன வாரம் எதை எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற டி.ஆர்.பி. கணக்கு அன்றைக்குத்தான் வரும். அந்த வியாழக்கிழமை சுகந்தி குழந்தைக் குரல் கொடுக்கும் 'நித்யாவின் தொட்டில்' சீரியலின் மேனேஜர் கிருபாகரன் கேக் பெட்டியோடு தியேட்டருக்குள் வந்தார்.

"மறுபடியும் நாமதான் முதல் இடம். பதினோராவது வாரம்!"

எல்லோருக்கும் ஒரு துண்டு கிடைத்தது. சுகந்திக்கு மட்டும் ரோஜாப் பூ வைத்த துண்டு.

"இதைப் பாரும்மா." அவர் செல்போனை நீட்டினார். திரையில் ஒரு கோடு, ஏறி இறங்கி, நடுவில் ஓரிடத்தில் கோபுரம் மாதிரி நிமிர்ந்து நின்றது. "இது எந்த நிமிஷம் தெரியுமா? குழந்தை அழுத நிமிஷம். நீ அழுதது."

சுகந்தி அந்தக் கோட்டை விரலால் தொட்டுப் பார்த்தாள். அவள் முகம் யாருக்கும் தெரியாது. பெயர்கூடத் திரையில் வராது. கோடு மட்டும் வந்திருந்தது.

"அதனால டைரக்டர் ஒண்ணு சொல்றார். அடுத்த வாரம் வில்லி குழந்தையைப் படிக்கட்டுல விட்டுட்டுப் போறா. குழந்தை தனியாக் கிடந்து அழுது. நாலு எபிசோட் முழுக்க இதுதான். இப்ப இருக்கற குழந்தை வளர்ந்துடுச்சு, எழுந்து நிக்குது. உன் பொண்ணைக் கொண்டா."

"மிதுனாவா சார்?"

"நீ அனுப்பின போட்டோவைக் காட்டினேன். கண்ணு நல்லாப் பெருசா இருக்குன்னார்."

"அவ சும்மா அழமாட்டாளே சார்."

கிருபாகரன் கேக்கை மென்றபடியே சொன்னார். "அதை நாங்க பாத்துக்கறோம். பால் குடுக்கற நேரத்தைக் கொஞ்சம் தள்ளிப் போட்டா எந்தக் குழந்தையும் அழும். எத்தனை குழந்தையைப் பாத்திருக்கோம்."

அவர் கெட்ட மனுஷன் இல்லை. சுகந்தியின் பிரசவத்தின்போது தன் காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் விட்டவர்.

"உன் வீட்டுக்காரர்கிட்டயும் பேசிட்டேன். ரொம்ப சந்தோஷம்னார். உன் நாத்தனார் பக்கத்துல நின்னு சந்தோஷத்துல கத்தறது எனக்கே கேட்டுச்சு. நாலு மணிக்கு வரேன். நீ சரின்னு சொன்னா போதும்."

அவர் போய்விட்டார். சுகந்தி ரோஜாப் பூவை ஒதுக்கி வைத்துவிட்டு அப்படியே நின்றாள். பால் நேரத்தைத் தள்ளிப் போடுகிற பேச்சு காதிலேயே நின்றது. ஆனால் கோமதியின் முகமும் கண்ணுக்குள் வந்தது. ராத்திரி எட்டு மணிக்கு அந்தத் தெருவில் வீட்டுக்கு வீடு அந்த சீரியலின் பாட்டுச் சத்தம்தான். இத்தனை வீட்டில் இத்தனை பேர். நல்லதாக இல்லாததையா உட்கார்ந்து பார்க்கிறார்கள்? நல்ல சீரியல்தான் என்று டீச்சர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் இந்தப் பயம் அடங்கிவிடும் என்று தோன்றியது.

செலின் மாடிப்படிக்குப் பக்கத்தில் நின்று வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

"டீச்சர், ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்கக்கா."

சுகந்தி நடந்ததைச் சொன்னாள். பால் நேரத்தைத் தள்ளிப் போடுவது பற்றிச் சொல்லும்போது அவசரமாகச் சொல்லித் தாண்டிவிட்டாள். கடைசியில் கேட்டாள். "இத்தனை பேர் பாக்கறாங்களே, டீச்சர். நல்லா இல்லாமலா பாப்பாங்க?"

செலின் வெந்நீரைக் குடித்து முடித்தாள். டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள்.

"வாங்க, கீழ போகலாம்."

தியேட்டருக்கு எதிரே ஒரு இஸ்திரி வண்டி. அதற்கு அடுத்து ஜெராக்ஸ் கடை. மாடியில் ஒரு வீடு. ஓரமாக ஒரு ஆட்டோ. மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு முந்தைய, எல்லோரும் அவரவர் வேலையில் இருக்கிற நேரம். நிறுத்தியிருந்த ஒரு வேனுக்குப் பின்னால் செலின் போய் நின்றாள். இரண்டு கையாலும் வாயைப் பொத்தினாள்.

அழுதாள்.

இஸ்திரிக்காரர் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுத் திரும்பினார். ஆட்டோவில் கண் மூடிச் சாய்ந்திருந்தவர் தலையை வெளியே நீட்டினார். ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள் காகிதத்தோடு வாசலுக்கு வந்தார்கள். மாடி வீட்டிலிருந்து ஒரு அம்மாள் ஈரக் கையோடு கீழே ஓடி வந்தாள். ஓடி வந்தவள் வேனைச் சுற்றிப் போய் எட்டிப் பார்த்தாள்.

"குழந்தை எங்க?"

"இல்லைங்க. நான்தான்" என்றாள் செலின்.

"நீயா?" அந்த அம்மாளுக்கு விளங்க ஒரு நொடி ஆயிற்று. "ஏம்மா, உனக்கு அறிவிருக்கா? அடுப்புல எண்ணெயைக் காய வெச்சுட்டு ஓடி வந்திருக்கேன். யாரோ பெத்தவ குப்பையில போட்டுட்டுப் போயிட்டாளோன்னு ஈரக்குலையே நடுங்கிப் போச்சு."

"மன்னிச்சுக்கோங்கம்மா."

"விளையாடற விளையாட்டைப் பாரு. ஒண்ணைப் பெத்துப் பாத்தாத்தான் தெரியும் உனக்கெல்லாம்."

செலினுக்குக் கல்யாணம் ஆகவில்லை. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். மறுபடியும் மன்னிப்புக் கேட்டாள். அந்த அம்மாள் படியேறும்வரை தலையை நிமிர்த்தவில்லை.

இஸ்திரிக்காரர் சிரித்தார். "எனக்கே சந்தேகம்தான்மா. பூனையா குழந்தையான்னு. இருந்தாலும் மனசு கேக்கல, பெட்டியை வெச்சுட்டுத் திரும்பிட்டேன்."

இரண்டு பேரும் தியேட்டர் படியில் வந்து உட்கார்ந்தார்கள்.

"எத்தனை பேர் பாத்தாங்கக்கா?"

"தெருவே பாத்துச்சு, டீச்சர்."

"எப்படி அழுதேன்?"

சுகந்தி வேன் பக்கம் பார்த்தாள்.

"சொல்லுங்க. உங்க காது எனக்குத் தெரியும்."

"உள்மூச்சே இல்ல. முதல் நாள் நான் அழுத மாதிரி இருந்துச்சு."

"வேணும்னுதான் அப்படி அழுதேன்."

"அப்புறம் எப்படி டீச்சர் எல்லாரும் திரும்பினாங்க?"

செலின் அவளைப் பார்த்தாள். "உங்களுக்கு அது பொய்னு தெரியும். வேனுக்குப் பின்னால நான்தான் நிக்கறேன்னும் தெரியும். அப்படியும் உங்க உடம்பு என்ன பண்ணுச்சுன்னு பாருங்க."

சுகந்தி குனிந்து பார்த்தாள். பால் கசிந்து, சுடிதார் இரண்டு பக்கமும் நனைந்திருந்தது. துப்பட்டாவை இழுத்து மூடிக்கொண்டாள்.

அவளுக்குக் கோபம் வந்தது. "அப்போ பாக்கறவங்க எல்லாரும் முட்டாளுங்கறீங்களா? என் நாத்தனார் முட்டாளா?"

"மாடி வீட்டு அம்மா முட்டாளா?"

"இல்ல."

"எதுக்கு ஓடி வந்தாங்க?"

"தூக்கறதுக்கு."

"உங்க நாத்தனார்?"

சுகந்திக்குக் கோமதி நினைவுக்கு வந்தாள். டி.வி.யில் அந்தக் குழந்தை அழும்போது மடியில் இருக்கும் மிதுனாவை இறுக்கிக்கொண்டு, 'யாராவது தூக்குங்களேன்டி, பாவிகளா' என்று திரையைப் பார்த்துத் திட்டுவாள். அடுத்த நாளும் அதே நேரத்துக்கு வந்து உட்காருவாள். அதற்கடுத்த நாளும்.

"அவங்களும் அதுக்குத்தான், டீச்சர்."

"மாடி வீட்டு அம்மா வந்து பாத்தாங்க, குழந்தை இல்லைன்னு தெரிஞ்சுக்கிட்டாங்க. திட்டினாங்க. எண்ணெய் காயுதுன்னு போயிட்டாங்க."

சுகந்தி அந்த மாடி வீட்டை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு சொன்னாள்.

"என் பொண்ணு அழுதா லட்சம் பேர் தூக்கப் பாப்பாங்க."

"ஆமாக்கா. ஒருத்தர் கையும் எட்டாது."

நாலு மணிக்குக் கிருபாகரன் வந்தார். மாடியில் செலினோடு உட்கார்ந்திருந்த சுகந்தி எழுந்து நின்றாள்.

"மிதுனா வரமாட்டா சார்."

"என்னம்மா? ஊரே கொண்டாடற சீரியல். உன் வீட்டுக்காரர்..."

"அவர்கிட்ட நான் பேசிக்கறேன்."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். வற்புறுத்தவில்லை. "சரி விடு. அம்பத்தூர்ல ஒரு பொண்ணு தினமும் போன் பண்ணிக் கேக்கறா. ஆறு மாசக் குழந்தை. அதை வெச்சு முடிச்சுக்கறோம். டப்பிங் எப்பவும் போல நீதான்."

படியிறங்கிப் போனார்.

சுகந்திக்கு மூச்சு சீராயிற்று. மிதுனா தப்பித்தாள். அந்த நிம்மதி மனதில் இறங்கி உட்காருவதற்குள்ளேயே அம்பத்தூர்ப் பெண் நினைவுக்கு வந்துவிட்டாள். சுகந்தி அவளைப் பார்த்ததில்லை. அவள் குழந்தைக்கும் பால் நேரம் என்று ஒன்று இருக்கும்.

"டீச்சர், அந்தப் பொண்ணுகிட்ட நான் என்ன சொல்றது?"

"அவ இங்க இல்லையேக்கா. நீங்கதான் இருக்கீங்க. உங்களுக்கு என்ன தெரியும்?"

"அழத்தான் தெரியும்."

சொன்ன பிறகுதான் அது அவள் காதிலேயே விழுந்தது. செருப்பைக்கூடப் போடாமல் கீழே ஓடினாள். கிருபாகரன் காரை எடுத்துக்கொண்டிருந்தார். ஜன்னலில் கை வைத்தாள்.

"சார், அந்தக் குழந்தைக்கு வயிறு நிறையப் பால் குடுக்கச் சொல்லுங்க. தூங்க வெச்சு எடுங்க."

"அழற குழந்தை வேணும்னா தூங்கற குழந்தையை எடுக்கச் சொல்றியே. வேடிக்கையா இருக்கே!"

"முகத்தை அந்தப் பக்கம் திருப்பிப் படுக்க வைங்க. போர்வையைக் காட்டுங்க. காலைக் காட்டுங்க. அழுகையை நான் தரேன்."

"டைரக்டர் ஒத்துக்கணுமே."

"அழற குழந்தையை வெச்சு எடுத்தா எத்தனை மணி நேரம் ஆகும்? தூங்கற குழந்தைன்னா ஒரு மணி நேரத்துல முடிச்சுடலாம் சார்."

கிருபாகரன் யோசித்தார். அவருக்கு அந்தப் பேச்சு புரிந்தது.

திங்கட்கிழமை போரூரில் ஒரு பங்களாவில் அந்தக் காட்சியை எடுத்தார்கள். சுகந்தியும் போனாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை. அம்பத்தூர்ப் பெண்ணுக்கு இருபது வயதுகூட இருக்காது. கேமரா, விளக்கு, ஆட்கள் எல்லாம் காத்திருக்க, அவள் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து குழந்தைக்குப் பால் கொடுத்தாள். "சீக்கிரம்மா, சீக்கிரம்" என்று யாரோ சொன்னபோது, "குடிச்சு முடிக்கட்டும்" என்று சுகந்தி அதட்டினாள். அவளுக்கே அந்தக் குரல் புதிதாக இருந்தது.

படிக்கட்டில் மெத்தை போட்டு, மேலே துணி விரித்துக் குழந்தையைக் கிடத்தினார்கள். கைப்பிடிச் சுவருக்குப் பின்னால் தாய் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, குழந்தையின் முதுகுக்கு ஒரு சாண் தள்ளிக் கையை நீட்டியே வைத்திருந்தாள். கேமராவுக்கு அந்தக் கை தெரியவில்லை.

புதன்கிழமை டப்பிங். செலினும் உள்ளே வந்து ஓரமாக நின்றாள். திரையில் போர்வைக்குள் ஒரு சின்ன உடம்பு சீராக ஏறி இறங்கியது. ஒரு கால் வெளியே நீட்டியிருந்தது. கட்டை விரல் ஒரு தடவை மடங்கி விரிந்தது.

பயத்தில் அழும் குழந்தைக்கு முதலில் சத்தம் வராது. வாய் திறக்கும், முகம் சிவக்கும், மூச்சு எங்கேயோ மாட்டிக்கொண்டு நிற்கும். பெற்றவளுக்கு உயிர் போகிற நேரம் அது. சுகந்திக்கு அது தெரியும். அவள் மைக்குக்கு முன்னால் வாயைத் திறந்தாள். சத்தம் இல்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து சவுண்ட் இன்ஜினியர் குரல் வந்தது. "மேடம், மைக் போயிடுச்சா?"

செலின் கையை உயர்த்தி அவரை அடக்கினாள்.

அப்புறம் அந்த மூச்சு உடைந்தது. உள்மூச்சு, வெளிமூச்சு, நடுவில் ஒரு விக்கல். மறுபடி அழுகை. நாலு நிமிடம். முடித்ததும் சுகந்தி ஹெட்போனைக் கழற்றி வைத்தாள். இன்ஜினியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

செலின் ஒன்றும் சொல்லாமல் வெந்நீர் ஊற்றிக் கொடுத்தாள்.

அந்தக் காட்சி ஒளிபரப்பானது. அடுத்த வாரம் வியாழக்கிழமை வந்தது. கேக் வரவில்லை. கிருபாகரனின் போன்தான் வந்தது. சுகந்தி பேசிவிட்டு வைத்தாள். செலின் வந்து பக்கத்தில் உட்காரும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"மூணாவது இடமாம் டீச்சர்."

"ம்."

"அந்த நிமிஷம் கோடு ஏறவே இல்லையாம். ஆரம்பத்துல சத்தமே இல்லைன்னு சேனலை மாத்திட்டாங்களாம். அழுகை ஒட்டலைன்னார்."

"ம்."

"அடுத்த வாரத்துலேர்ந்து வேற ஆளைப் பாக்கறாராம். கோபமெல்லாம் இல்ல. நல்லவிதமாத்தான் சொன்னார். கோமதிகூட, என்னடி இந்த வாரம் குழந்தை அழுகை நெஞ்சுல ஒட்டவே இல்லையேன்னா. அது நான்னு தெரிஞ்சேதான் சொன்னா."

கீழே தெருவில் யாரோ ஹாரன் அடித்தார்கள். சுகந்தி செலின் பக்கம் திரும்பினாள்.

"இத்தனை பேர் சொல்றாங்க, டீச்சர். நீங்க அன்னிக்கு ஒண்ணுமே சொல்லல. இப்பவாவது சொல்லுங்க. நான் சரியா அழலையா?"

"நீங்க அழறப்ப திரையில அந்தக் குழந்தை என்னக்கா பண்ணிட்டு இருந்துச்சு?"

"தூங்கிட்டு இருந்துச்சு."

"கடைசி வரைக்குமா?"

"கடைசி வரைக்கும். ஒரு தடவைகூட அழல."

"அப்போ நல்லா அழுதிருக்கீங்க" என்றாள் செலின்.